புதன்கிழமைக் குறிப்பு

மணி நாலேகால். அருமைநாயகம் இன்னும் வரவில்லை. பதினோரு வருஷமாகப் புதன்கிழமை நாலு மணி என்றால் நாலு மணிக்கு இந்த துவாரகா கபேயில், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற இந்த மேஜைக்கு வந்துவிடுகிறவன். பஸ் ஸ்டிரைக் அன்றைக்கு நுங்கம்பாக்கத்திலிருந்து வேர்த்து விறுவிறுத்து நடந்தே வந்தான். அவன் அப்பா இறந்த வாரம்கூட வந்தான், வந்து, "எழுதும் வே, எதிராளி துக்கத்துல இருக்கான்னு எழுதும்" என்று சொல்லிவிட்டு இந்த மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதான். இன்றைக்கு மட்டும் என்ன வந்தது? திங்கட்கிழமை சாயங்காலம் நேரம் இருந்ததே. மவுண்ட் ரோட்டில் அந்த ஏசி ஓட்டலில் எங்கள் ஆபீஸ் தேவசேனாவோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, மசால் தோசையைப் பாதியாகப் பிட்டு அவள் தட்டில் வைக்க நேரம் இருந்ததே. நான் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். சிக்னலில் பஸ் நின்றது. குனிந்து பார்த்தால் நேர் எதிரே அவன். பாதி தோசை. பதினோரு வருஷமாக அந்தப் பாதி தோசை என்னுடையது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஐம்பத்திரண்டு வயசு ஆம்பளை, ஒரு தோசைக்கு இப்படி வயிறு எரிகிறானே என்று. எரிகிறதுதான். ஒளித்து என்ன ஆகப்போகிறது, எனக்குப் பொறாமை, அப்பட்டமான பொறாமை. அவள் பேசப் பேச அவன் அந்தச் சின்ன நீல நோட்டை எடுத்துத் தொடையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தோசையைக்கூட மன்னித்துவிடலாம். காபி கொண்டுவரட்டுமா என்று சர்வர் கோபாலன் கேட்கிறான். கொஞ்சம் பொறு, அவரும் வரட்டும் என்கிறேன்.

சட்டைப் பையில் ஒரு காகிதம் இருக்கிறது. நாலாக மடித்தது, ஆறே வரி. அஞ்சரைக்குள் கொண்டுபோய் என் ருஷ்யத் துரை வாலெரி பெத்ரோவிச்சின் கையில் கொடுத்தால் அருமைநாயகத்தின் கதை முடிந்தது. கொடுக்கவில்லை என்றால் ஒன்றும் ஆகாது. இவ்வளவுதான் விஷயம். நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. ருஷ்யாக்காரர்கள் பணத்தில் நடக்கிற சமாதான மையத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளன், பெயர் சிதம்பரதாணு, எல்லோருக்கும் தாணு. நாலு தெரு தள்ளி அமெரிக்காக்காரர்கள் பணத்தில் நடக்கிற சுதந்திர வாசகசாலையில் அருமையும் மொழிபெயர்ப்பாளன். இரண்டு பேருக்கும் நாகர்கோவில், ஒரே காலேஜ், ஒரே பெஞ்சு. அவன் 'சுதந்திர உலகம்' என்று எழுதுகிற இடத்தில் நான் 'சமாதான முகாம்' என்று எழுதுவேன், மற்றபடி ஒரே வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்த தமிழ்தான். எழுபத்து மூன்றில் ஒருநாள் நாங்கள் இங்கே காபி குடித்ததை யாரோ பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டார்கள். அவனை அவன் துரை கூப்பிட்டான், என்னை அப்போது இருந்த என் துரை. வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். தொடர்ந்து சந்தியுங்கள், ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு குறிப்பு எழுதித் தாருங்கள் என்றார்கள். அவனிடமும் வார்த்தை மாறாமல் அதையே சொல்லியிருக்கிறார்கள். அடுத்த புதன்கிழமை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாமல் அரை மணி நேரம் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தோம். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "வே, என்னைப் பத்தி எழுதச் சொன்னாவளா?" "சொன்னாவ. ஒம்மட்ட?" "எங்கிட்டயும் சொன்னாவ." சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அன்றிலிருந்து வழக்கம் இதுதான்: அவன் சொல்லச் சொல்ல அவனைப் பற்றிய குறிப்பை நான் எழுதிக்கொள்வேன், நான் சொல்லச் சொல்ல என்னைப் பற்றியதை அவன் அந்த நீல நோட்டில் எழுதிக்கொள்வான். வேவு பார்க்கிறவனும் பார்க்கப்படுகிறவனும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சாம்பார் வாளியிலிருந்து ஊற்றிக்கொள்வோம்.

இப்படியும் நடக்குமா என்றால், நடக்கிறது, மேலே ஆகாசத்தில் இதேதான் நடக்கிறது. எழுபத்திரண்டில் இரண்டு வல்லரசுகளும் போட்ட ஏவுகணை ஒப்பந்தத்தைத் தமிழில் பெயர்த்தவன் நான். அதில் ஒரு ஷரத்து வந்தது. ஒருவர் மற்றவரின் தேசியத் தொழில்நுட்பச் சரிபார்ப்பு வழிமுறைகளுக்கு இடையூறு செய்யலாகாது. என்ன இழவு இது என்று தலையைச் சொறிந்துகொண்டு மேலே போய்க் கேட்டேன். வேவு பார்க்கிற செயற்கைக்கோள் என்றார்கள். அதாவது நீ எட்டிப் பார், நான் ஜன்னலை மூடமாட்டேன். நானும் எட்டிப் பார்ப்பேன், நீயும் மூடாதே. வேண்டுமென்றே மறைக்கவும் கூடாதாம், அதற்குத் தனியாக ஒரு வரி. ஒருத்தன் வாய்ச்சொல்லை இன்னொருத்தன் நம்பமாட்டான், ஆனால் திருட்டுத்தனமாகத் தான் பார்த்ததை நம்புவான். அதை வைத்துத்தான் பன்னிரண்டு வருஷமாக உலகம் எரியாமல் இருக்கிறது. அன்றைக்கு சாயங்காலம் அருமையிடம் இதைச் சொன்னபோது அவன் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, "கல்யாணம் ஆனவன் எவனோதான் வே எழுதியிருக்கணும்" என்றான். சரி, அப்படியானால் ஷரத்து நமக்கும் உண்டுதானே. மறைக்கக் கூடாது. நான் எதை மறைத்தேன்? போன மாசம் வாலெரி என்னைத் திட்டினதைக்கூடச் சொன்னேன். அவன் தேவசேனாவைப் பற்றி ஒரு வார்த்தை மூச்சு விட்டானா? போன புதன்கிழமை இதே நாற்காலியில் உட்கார்ந்து கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசினான், கத்தரிக்காய். அறுபதில் அந்த அமெரிக்க வேவு விமானம் விழுந்த கதையை நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். நாலு வருஷமாக அது தலைக்கு மேலே பறக்கிறது இந்த ருஷ்யாக்காரர்களுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை, அவ்வளவு உயரத்தில் சுட முடியவில்லை என்கிற வெட்கம். கடைசியில் விழுந்தது. வானிலை ஆராய்ச்சி விமானம் என்று அவர்கள் சாதித்தார்கள். ஓட்டினவனே உயிரோடு கையில் இருக்கிறான் என்று இவர்கள் சொன்ன பிறகு முழித்தார்கள். பாரீசில் கூட வேண்டிய மாநாடு உடைந்தது. பார்த்ததற்காக உடையவில்லை, அது தெரிந்த விஷயம். முகத்துக்கு நேரே பொய் சொன்னதற்காக உடைந்தது. நாலு வருஷம் பொறுத்தவர்கள் ஒரு பொய்யைப் பொறுக்கவில்லை. நான் மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?

நாலு இருபத்தஞ்சு. தேவசேனா எங்கள் மையத்துக்கு வந்து எட்டு மாசம் ஆகிறது. முப்பது வயசுதான், அஞ்சு வருஷம் மாஸ்கோவில் படித்தவள், ருஷ்ய மொழியிலிருந்து நேராகத் தமிழுக்குப் பெயர்க்கிறாள். இருபது வருஷமாக நான் இங்கிலீஷ் வழியாகச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். "தாணு சார், மூலத்துல இப்படி இல்லையே" என்று அவள் ரொம்ப மரியாதையாகத்தான் சொல்லுவாள், மரியாதையாகச் சொல்லுவதால்தான் கையிலிருக்கிற பேனாவை உடைக்கத் தோன்றும். வாலெரி ருஷ்ய மொழியில் ஏதாவது வேடிக்கை சொன்னால் அவள் உடனே சிரிக்கிறாள், அவள் பெயர்த்துச் சொன்ன பிறகு நான் சிரிக்கிறேன். என் மேஜையை ஜன்னலிலிருந்து நகர்த்தி அவளுக்குப் போட்டார்கள். போகட்டும் என்று விட்டேன். எனக்குப் புதன்கிழமை இருந்தது. வாஷிங்டனில் எங்கேயோ ஓர் இரும்பு அலமாரியில் என் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, பதினோரு வருஷக் கனம், அவளுக்கு அது உண்டா? அந்தக் கோப்பை நினைத்துக்கொண்டுதான் நான் பஸ்ஸில் தொங்குவேன், ரேஷன் கடையில் நிற்பேன். என் நீலச் சட்டை அதில் இருக்கிறது. என் இருமல் இருக்கிறது. ஆப்கானிஸ்தானைப் பற்றி நான் சொன்ன அபிப்பிராயம் இருக்கிறது. நான் காபிக்குச் சர்க்கரையைக் குறைத்தது என் பகவதிக்கு மூணு மாசம் கழித்துத்தான் தெரிந்தது, என்னோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்துகிறவள். அருமை அன்றைக்கே கேட்டு அன்றைக்கே எழுதிக்கொண்டான். புதன்கிழமை என்றால் தேய்த்த சட்டை போடுவேன். முடி வெட்டிக்கொள்வதைச் செவ்வாய்க்கிழமை வைத்துக்கொள்வேன். அவன் எழுத வாகாக நிறுத்தி நிறுத்திப் பேசுவேன். இந்த மெட்ராஸ் பட்டணத்தில் அத்தனை லட்சம் பேரில் என்னை உட்கார வைத்து உற்றுப் பார்த்து எழுதிக்கொண்ட ஒரே கை அவன் கை. அந்தக் கை இப்போது அவளை எழுதுகிறது. என் ஆபீஸில் என் ஜன்னலை எடுத்துக்கொண்டவள், இப்போது என் எதிரியையும் எடுத்துக்கொண்டாள். எதிரி என்று சொல்லுகிறேனே, அருமையை வேறு என்ன சொல்ல, சிநேகிதன் என்று சொன்னால் குறிப்பில் அந்தச் சொல்லை அடித்துவிடுவார்கள்.

ஆறு வரியில் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். அவன் மகள் எஸ்தர் சோவியத் நாட்டில், கார்க்கோவ் என்கிற ஊரில் எம்.டி. படிக்கிறாள், மூணாவது வருஷம். ருஷ்யாக்காரர்கள் தருகிற இலவச சீட்டு. விண்ணப்பத்தில் தகப்பன் தொழில் பள்ளிக்கூட ஆசிரியர் என்று இருக்கிறது. அருமை ஆசிரியராக இருந்தது உண்மை, ஆறு மாசம், நாசரேத்தில், அறுபத்து ரெண்டில். விண்ணப்பத்தை டைப் அடித்தது நான். அவன் ஆபீஸில் மகள் பெங்களூர் ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறான். அமெரிக்காக்காரனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்ச் சீட்டுக் கிழியும். ருஷ்யாக்காரனுக்குத் தெரிந்தால் அதைவிடக் கேடு, அவன் கிழிக்கமாட்டான், பிடித்துக்கொள்வான். மகள் படிப்பு முடிய வேண்டுமா, உன் வாசகசாலை அலமாரிச் சாவியைக் கொண்டுவா என்பான். பிறகு அருமை ஆயுசு முழுக்க அவன் கைப்பிடியில். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமை வரை எழுத நினைக்கவில்லை, திங்கட்கிழமை அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினேன். பகவதி என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். ஆபீஸ் வேலை என்றேன். அவளுக்கு அந்தப் பெண் மேல் உயிர். எஸ்தர் கடுதாசி எல்லாம் எங்கள் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும், ருஷ்யத் தபால்தலை ஒட்டின கவர் அருமை வீட்டு வாசலில் விழக் கூடாது இல்லையா, அதனால். நான் கொண்டுவந்து புதன்கிழமை கொடுப்பேன். இன்றைக்கும் ஒன்று பையில் இருக்கிறது, காகிதத்துக்குப் பின்னால். ஓரத்தில் தாணு மாமாவுக்கு என்று நாலு வரி எழுதியிருப்பாள். பிரிக்கமாட்டேன், அவன் பிரித்து வாசித்துக் காட்டுவான். இப்போது யோசித்தால், அவன் என்னைப் பார்க்க வருகிறானா, கடுதாசிக்கு வருகிறானா? இதை ஏன் முன்னாலேயே யோசிக்கவில்லை? கடுதாசிக்குத்தான். பின்னே என்ன, என் அழகைப் பார்க்கவா?

இல்லை, அப்படியும் சொல்ல முடியாது. போன வருஷம் கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே கிலி பிடித்துக் கிடந்தபோது வாலெரி என் கையில் ஒரு பட்டியல் கொடுத்தான். வாசகசாலையில் இரவு எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது, ஊழியர்கள் குடும்பத்தை ஊருக்கு அனுப்புகிறார்களா, அரிசி சேர்க்கிறார்களா, ரத்தம் சேகரிக்கிறார்களா. அமெரிக்காக்காரர்கள் திடீரென்று குண்டு போடத் தயார் ஆகிறார்களோ என்று மெட்ராஸ் ஜன்னலை எண்ணிக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். அருமை விழுந்து விழுந்து சிரித்தான். "எழுதும் வே, மேல் மாடியில ஒரு விளக்கு ராவும் பகலும் எரியுது. கக்கூசு விளக்கு. சுவிட்சு ரிப்பேரு." நானும் சிரித்துக்கொண்டே எழுதப் போனேன். அவன் சட்டென்று என் கையைப் பிடித்தான். "அதை எழுதாதேயும். நாம சிரிச்சுக்கிட்டு எழுதுவோம், மேல ஒருத்தன் சிரிக்காம படிப்பான். அவனுக்கு மேல ஒருத்தன் அதையும் கூட்டி வச்சு எண்ணுவான். ஒண்ணும் இல்லைன்னு எழுதும். என்னைக்கும் போல இருக்குன்னு எழுதும்." அப்படியே எழுதினேன். ஒவ்வொரு வாரமும் அப்படியே எழுதினேன், வழக்கத்துக்கு மாறாக எதுவும் இல்லை. இரண்டு குமாஸ்தாக்கள் வாரா வாரம் ஒன்றும் இல்லை என்று எழுதினதும் அந்தப் பெரிய கணக்கில் எங்கேயோ ஒரு மூலையில் சேர்ந்திருக்கும். அன்றைக்கு அவன் கை சூடாக இருந்தது. அப்படிப்பட்டவனை நான்... சரி, கிழித்துப் போட்டுவிடலாம். இதோ இந்த இலைத் தொட்டியில் போட்டால் முடிந்தது. வந்து திங்கட்கிழமை விஷயத்தை அவனாகச் சொல்லட்டும், சொன்னால் கிழித்துவிடுகிறேன். வாயைத் திறந்து அவனே சொல்ல வேண்டும். நான் கேட்கமாட்டேன்.

நாலு ஐம்பதுக்கு வந்தான். கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்து, எப்போதும் போல முதலில் என் முகத்தைப் பார்த்தான். "என்ன வே, மூஞ்சி பொங்கல் பானை மாதிரி இருக்கு. லேட்டானதுக்கா?" "பஸ் கிடைக்கலையோ?" "பஸ்ஸெல்லாம் கிடைச்சுது. துரை பிடிச்சு வச்சுக்கிட்டான். ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்துட்டுப் போன்னான்." இரண்டு பக்கம். எனக்கு என்றைக்கும் அஞ்சு வரிதான். "யாரைப் பத்தி ரெண்டு பக்கம்?" என்று கேட்டுவிட்டேன், கேட்கமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தவன். அவன் கோபாலனைக் கூப்பிட்டு இரண்டு காபி, ஒரு மசால் தோசை என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். "உம்ம ஆபீசுல புதுசா ஒரு பிள்ளை இருக்குல்லா, தேவசேனா. அவளைப் பாக்கச் சொல்லியிருக்காவ. ருஷ்யாவுல படிச்சவ, நேரா வாலெரிகிட்ட பேசுதா, அவளுக்கு எல்லாம் தெரியும்னு நினைக்காவ. எனக்கு அந்தப் பிள்ளைகிட்ட என்னத்தைப் பேசன்னே தெரியல வே. தோசையை வாங்கிக் கொடுத்துட்டு முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உம்மகிட்ட சொல்லணும்னுதான் ஓடி வாரேன்." சொல்லிவிட்டான். அவனாகவே சொல்லிவிட்டான். என் கை சட்டைப் பைக்குப் போயிற்று, கிழித்துவிடலாம் என்று சத்தியமாக நினைத்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். "அப்ப என்னைப் பத்தியும் எழுதணும், அவளைப் பத்தியும் எழுதணும், உமக்கு ரெண்டு மடங்கு வேலை" என்றேன், சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. தம்ளரை நகர்த்தி வைத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவன் கண்ணாடியைத் துடைத்தால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம், எனக்கு அவனைத் தெரியாதா. "என்ன வே?" என்றேன். "ஒண்ணுமில்ல." "சொல்லும்." "தாணு, இதைச் சொல்லாம இருந்துடலாம்னுதான் பாத்தேன். உம்மைப் பத்தி எழுதறதை நிப்பாட்டச் சொல்லிட்டாவ." "எப்ப? இன்னைக்கா?" "எண்பத்திரண்டு பொங்கலுக்கு முந்தி."

இரண்டு வருஷம். இரண்டு வருஷத்துக்கு மேல். கோபாலன் தோசையை வைத்துவிட்டுப் போனான். அருமை வழக்கம் போலப் பாதியைப் பிட்டு என் பக்கம் தள்ளினான். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றான். சொல்லும் என்றேன். "பயனில்லைன்னு ஒரே வார்த்தைதான் எழுதி அனுப்பினாவ." அப்படியானால் அதற்கப்புறமும் வாரா வாரம் இந்த நோட்டில் எழுதினாயே என்று கேட்டேன், நீயென்று கேட்டேன், வாலிபத்துக்குப் பிறகு அவனை நான் நீ என்று சொன்னதில்லை. அவன் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தான். "எழுதலைன்னா உமக்கு மனசு கஷ்டப்படும்லா. நீரு அவ்வளவு ஆசையா சொல்லுவீரு." பிரித்துப் பார்த்தேன். அவன் குண்டு குண்டு எழுத்து. தாணு இன்று வெள்ளைச் சட்டை. இருமல் குறைந்திருக்கிறது. போலந்தைப் பற்றிப் பேசினார், நன்றாகப் பேசினார். தாணு முடி வெட்டியிருக்கிறார். தாணு சோர்வாக இருக்கிறார், கேட்டால் இல்லை என்கிறார். பக்கம் பக்கமாக, யாருக்கும் கொடுக்காதது, யாரும் கேட்காதது. நோட்டை மூடி வைத்தேன். "கடுதாசி வாங்கத்தான் வந்தீரு" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. "கடுதாசி மாசத்துக்கு ஒண்ணு வே. நான் மாசத்துக்கு நாலு வாட்டி வாரேன்." அழுதிருக்க வேண்டும். அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், ஒரு மனுஷனுக்கு ஆயுசில் இப்படி ஒரு தடவைதான் வாய்க்கும். எனக்கு என்ன தோன்றிற்று தெரியுமா? போலந்தைப் பற்றி நான் எத்தனை தடவை கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தேன் என்று தோன்றிற்று. வாஷிங்டனில் ஒருத்தன் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பான் என்று நினைத்துச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை முடிவெட்டு. தேய்த்த சட்டை. இவன் எதிரே உட்கார்ந்து, பாவம் என்று எழுதிக்கொண்டிருந்தான். துரோகம் செய்திருந்தால் சரிக்குச் சரி, நானும் செய்துவிட்டுப் போவேன். இரக்கப்பட்டிருக்கிறான். எனக்குப் பிச்சை போட்டிருக்கிறான், வாரா வாரம், பாதி தோசையோடு.

கடுதாசியை எடுத்துக் கொடுத்தேன். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது, பேனாக்கத்தியால் கவனமாகப் பிரித்தான், முதல் வரியை வாசிக்க ஆரம்பித்தான். அஞ்சு மணி ஆச்சு, ஆபீசுல கொஞ்சம் வேலை இருக்கு என்று எழுந்தேன். "ஏன் வே, உமக்கு எழுதினதைக் கேட்டுட்டுப் போமே." "அடுத்த வாரம்" என்றேன். "கோவமா?" "கோவம் என்ன கோவம்." அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கடுதாசிக்குள் போய்விட்டான். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. நாலு தெரு. முதல் தெருவில் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது தெருவில் எஸ்தரை நினைத்தேன், அவளைக் கப்பலேற்றுகிற மாதிரி ஏர்போர்ட்டில் பகவதி கட்டிப்பிடித்து அழுததை நினைத்தேன். பயனில்லை. மூணாவது தெருவில் அந்தச் சொல் மட்டும்தான் இருந்தது, பயனில்லை, பயனில்லை, செருப்புக்குள் போன கல் போல ஒவ்வோர் அடிக்கும் குத்திக்கொண்டு. நானா பயனில்லாதவன்? பார்க்கலாம். படியேறினேன். தேவசேனா டைப் அடித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் வீட்டுக்குப் போகலையா சார்?" என்றாள். போகணும் என்றேன். உள்ளே போய் வாலெரியின் கையில் கொடுத்தேன்.

வாலெரி லெனின்கிராடில் தமிழ் படித்தவன். உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ஆறு வரியையும் இரண்டு தடவை வாசித்தான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். இது உறுதியான செய்தியா என்று கேட்டான். உறுதி என்றேன். எழுந்துவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான், அவன் இங்கே வந்த இந்த நாலு வருஷத்தில் முதல் தடவை. "தாணு அவர்களே, இது மிகவும் பயனுள்ள குறிப்பு. இத்தனை ஆண்டுகளில் தாங்கள் கொண்டுவந்தவற்றுள் இதுவே சிறந்தது." குறிப்பை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். நாளைக்கே தக்க ஒருவர் அந்த நண்பரைச் சந்தித்து மகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார் என்றும், இனி அவரை அவர்கள் ஆட்களே கவனித்துக்கொள்வார்கள் என்றும், ஆகையால் நான் அவரை இனி ஒருபோதும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, அந்த உணவகத்துக்கும் போகக் கூடாது என்றும் சொன்னான். சரி என்றேன். பிறகு நாட்குறிப்பைப் பிரித்துப் பேனாவின் மூடியைக் கழற்றினான். "நல்லது. வரும் புதன்கிழமை தாங்கள் யாரைச் சந்திக்கப் போகிறீர்கள்?" நான் யோசித்துப் பார்த்தேன். அவன் பேனாவைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தான். இந்த ஊரில் எனக்கு வேறு யாரையும் தெரியாது என்று அவனிடம் சொல்ல வேண்டியதாயிற்று.